சொல்லாமல் விட்ட காரணம்

"உனக்குத் தெரிந்த கதை ஒன்றை மாற்றி எழுதுக." எட்டாம் வகுப்புக்கு நான் ஆண்டுதோறும் கொடுத்துவரும் பயிற்சி இது. ஆண்டுதோறும் வரும் விடைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடும். முயல் தூங்காமல் ஓடி ஜெயித்துவிடும். சிங்கம் திருந்திவிடும். ஒன்றும் தோன்றாதவர்கள் "திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு" என்று முடித்துவிடுவார்கள். பிழை திருத்துவேன், 'நன்று' என்று எழுதுவேன், நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன். மாணவர்கள் கதையை மாற்றினார்களே தவிர, கதையைப் பற்றி யோசிக்கவில்லை என்பது எனக்கே தெரியும். அதற்கு வழிகாட்டாதது என் குறை.

சென்ற ஆண்டு அந்த வழி எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உடன் உட்கார்ந்தேன். அந்த ஒரு பகுதியை வைத்து என் வகுப்பில் நடத்திய பாடத்தையும், அந்தப் பாடம் எனக்கே நடத்திய பாடத்தையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய கதையும் அதன் பல முகங்களும்

ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் 'லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்' என்ற பெயரில் வரும் சிவப்புக் குல்லாச் சிறுமியின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். நோயுற்ற பாட்டிக்குத் தின்பண்டம் எடுத்துக்கொண்டு காட்டுவழியே போகிறாள் சிறுமி. வழியில் ஓநாயைச் சந்திக்கிறாள். ஓநாய் முந்திச் சென்று பாட்டியை விழுங்கிவிட்டு, பாட்டியைப் போல் படுக்கையில் படுத்துக்கொள்கிறது.

இதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்லஸ் பெரோ அச்சில் வெளியிட்ட கதையில் ஓநாய் சிறுமியையும் தின்றுவிடுகிறது. அவளைக் காப்பாற்ற யாரும் வருவதில்லை. அத்தோடு கதை முடிந்து, இனிக்கப் பேசும் அந்நியர்களை நம்பாதீர்கள் என்று இளம்பெண்களுக்கு ஓர் அறிவுரை வருகிறது. 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுப்பில் ஒரு வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து இருவரையும் மீட்கிறார். அதே தொகுப்பில் இன்னொரு முடிவும் உண்டு. அடுத்த முறை வேறோர் ஓநாய் வரும்போது பாட்டியும் பேத்தியும் தாங்களே தந்திரம் செய்து அதை வென்றுவிடுகிறார்கள். பிரான்சில் பிற்காலத்தில் வாய்மொழியாகச் சேகரிக்கப்பட்ட ஒரு வடிவத்தில் சிவப்புக் குல்லாவே இல்லை. சிறுமி 'வெளியே போக வேண்டும்' என்று சாக்குச் சொல்லி, காலில் கட்டிய கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுத் தப்பி ஓடுகிறாள். சீனாவிலோ ஓநாயின் இடத்தில் புலி. பாட்டி வேடத்தில் வீட்டுக்கு வரும் அதனிடமிருந்து குழந்தைகள் மரத்தில் ஏறித் தப்பிக்கிறார்கள்.

2013இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஜேமி தெஹ்ரானி இத்தகைய 58 கதை வடிவங்களை ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார். உயிரினங்கள் எதிலிருந்து எது கிளைத்தது என்று உயிரியலாளர்கள் கணிக்கும் அதே முறையைக் கதைகளுக்குப் பயன்படுத்தியிருந்தார். அறிவியல் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று பேசத்தக்க செய்தி இது.

எனவே 'உண்மையான கதை எது?' என்ற கேள்விக்கு விடை இல்லை. ஒவ்வொரு காலத்தாரும் தங்களுடைய அச்சத்தை ஓநாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, கதையை மாற்றுவது விளையாட்டு அல்ல, ஒரு பொறுப்பு என்பதும் புரியும்.

தொலைக்காட்சி செய்த மாற்றம்

நான் பார்த்த தொடரின் பெயர் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்'. எட்வர்ட் கிட்சிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் ஆகியோர் உருவாக்கியது. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பானது. ஸ்னோ ஒயிட் கதையின் பொல்லாத அரசி போட்ட சாபத்தால் தேவதைக் கதை மாந்தர்கள் அனைவரும் தாங்கள் யார் என்பதை மறந்து, இன்றைய அமெரிக்காவின் ஸ்டோரிபுரூக் என்ற கற்பனைச் சிற்றூரில் வாழ்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் பழைய உலகமும் இன்றைய ஊரும் மாறி மாறி வரும்.

முதல் பருவத்தின் 15ஆம் பகுதி 2012 மார்ச் 11 அன்று ஒளிபரப்பானது. 'ரெட்-ஹேண்டட்' என்பது தலைப்பு. கையும் களவுமாகப் பிடிபடுவது என்று பொருள்.

ரெட் என்ற இளம்பெண்ணின் ஊரைப் பௌர்ணமி இரவுகளில் ஓர் ஓநாய் நடுங்கவைக்கிறது. பாட்டி கதவுகளை அடைத்து, வில்லோடு காவல் இருக்கிறார். பேத்திக்கு இரண்டே கட்டளைகள்: இரவில் வெளியே போகாதே, சிவப்பு அங்கியைக் கழற்றாதே. ஏன் என்று சொல்வதில்லை. ரெட்டும், அரசியிடமிருந்து தப்பி வந்து அவள் வீட்டில் ஒளிந்திருக்கும் ஸ்னோ ஒயிட்டும் ஓநாயின் காலடித் தடத்தைப் பின்தொடர்கிறார்கள். போகப் போக அது மனிதக் காலடியாக மாறுகிறது. ரெட்டின் அறை ஜன்னலில் போய் முடிகிறது.

அந்த ஜன்னலுக்கு வந்துபோகிறவன் அவள் நேசிக்கும் பீட்டர். 'அப்படியானால் ஓநாய் பீட்டர்தான்' என்று முடிவு செய்கிறாள். அவனுக்கே தெரியாமல் அப்படி மாறுகிறான் என்று எண்ணி, அவனைக் காப்பாற்றுவதற்காகவே பௌர்ணமி இரவில் சங்கிலியால் கட்டிவைக்கிறாள். தான் பக்கத்தில் காவல் இருக்கிறாள். வீட்டில் அவளுடைய படுக்கையில் அவளுடைய அங்கியைப் போர்த்திக்கொண்டு ஸ்னோ ஒயிட் படுத்திருக்கிறாள். பாட்டி வந்து போர்வையை விலக்கிப் பார்த்துப் பதறுகிறார். அப்போதுதான் உண்மை வெளிவருகிறது: ஓநாய் பீட்டர் அல்ல, ரெட்தான். அது குடும்பவழி வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயதில் அது தொடங்கியபோது, மாறாமல் தடுக்கும் மந்திர அங்கியைப் பாட்டி விலைகொடுத்து வாங்கியிருக்கிறார். இருவரும் ஓடிச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கட்டப்பட்டிருந்த பீட்டரால் தப்ப முடியவில்லை.

இன்றைய ஊரில் இதே பாட்டி ஓர் உணவகம் நடத்துகிறார். பேத்தியைக் கணக்கு வழக்கையும் பார்க்கச் சொல்கிறார். தன்மேல் சுமையை ஏற்றுகிறார் என்று கோபித்துக்கொண்டு அவள் வேலையை விட்டுப் போகிறாள். உணவகத்தை அவளிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது பாட்டியின் எண்ணம் என்று கடைசியில்தான் தெரிகிறது. இரண்டு உலகத்திலும் பாட்டிக்கு அன்பு குறைவில்லை. காரணத்தைத்தான் சொல்லவில்லை.

வகுப்பறையில்

அந்தப் பகுதியை நான் வகுப்பில் திரையிடவில்லை. அதில் வன்முறைக் காட்சிகள் உண்டு. எட்டாம் வகுப்புக்கு அவை தேவையில்லை. நான் கதையாகச் சொன்னேன். பீட்டர் இறந்துபோனான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நான்கு பாடவேளைகள் எடுத்துக்கொண்டேன்.

முதல் வேளையில் பெரோ, கிரிம், சீனப் புலி ஆகிய மூன்று வடிவங்களையும் சொல்லி, கரும்பலகையில் கட்டம் போட்டோம். சிறுமியைக் காப்பாற்றியது யார்? அவளுக்கு எச்சரிக்கை தரப்பட்டதா? முடிவில் அவள் என்ன கற்றாள்? ஒவ்வொரு வடிவத்துக்கும் விடையை மாணவர்களே நிரப்பினார்கள்.

இரண்டாம் வேளையில் தொடரின் கதையைச் சொன்னேன். காலடித் தடம் ஜன்னலுக்கு வந்து நிற்கும் இடத்தில் நிறுத்தி, "ஓநாய் யார்?" என்று கேட்டு, ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலான சீட்டுகளில் பீட்டர். சிலவற்றில் பாட்டி. ஸ்னோ ஒயிட் என்று இரண்டு பேர். ரெட் என்று ஒரே ஒரு மாணவி எழுதியிருந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அவ வீட்டுலேர்ந்து தடம் வெளியே போயிருக்கும்ல டீச்சர்? எல்லாரும் வந்த தடம்னே நெனச்சுக்கிட்டாங்க" என்றாள். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. சான்றைப் படிப்பது என்றால் என்ன என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் வேளையில் மாற்றி எழுதுவதற்கான மூன்று விதிகளை அந்தக் கதையிலிருந்தே எடுத்தோம்.

ஒன்று, ஒன்றை மட்டும் மாற்று. இந்தக் கதையில் மாறியது ஒன்றுதான்: ஓநாயும் சிறுமியும் ஒருவரே.

இரண்டு, பழைய கதை விடை சொல்லாமல் விட்ட கேள்வியைப் பிடி. குல்லா ஏன் சிவப்பு, அதை யார், எதற்குக் கொடுத்தார்கள் என்று பழைய கதை பெரிதாகக் கவலைப்படவில்லை. புதிய கதை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

மூன்று, பழைய காட்சி புதிய பொருளோடு திரும்பி வர வேண்டும். 'படுக்கையில் இருப்பது வேறொருவர்' என்ற காட்சி இங்கும் வருகிறது. ஆனால் படுத்திருப்பது ஓநாய் அல்ல, தோழி. பதறுவது பேத்தி அல்ல, பாட்டி.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நமக்குத் தெரிந்த கதைகளைத் திரும்பிப் பார்த்தோம். "வடை சுட்ட பாட்டி அன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான்காம் வேளையில் எழுத்துப் பணி: பாட்டிக்கு ரெட் எழுதும் கடிதம். ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

ஒரு கடிதம்

கடிதங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்தேன். பல கடிதங்கள் கோபமாக இருந்தன. "சொல்லியிருந்தால் என்னையல்லவா கட்டிப்போட்டிருப்பேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சில கடிதங்கள் பாட்டியை மன்னித்திருந்தன. ஒரு மாணவனின் தாளில் கடிதம் நான்கே வரி. அதற்குக் கீழே, ரெட்டை மறந்துவிட்டுத் தன் குரலிலேயே எழுதியிருந்தான். பள்ளியிலும் பின்பக்கம் போகக் கூடாது என்று சொல்கிறார்கள், காரணம் சொல்வதில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரும் தாத்தாதான் காரணம், அவர் பிள்ளை பிடிக்கிறவர், அதனால்தான் நாங்கள் கல்லெறிந்தோம் என்று.

அந்தக் கட்டளையைப் போட்டவள் நான்.

பள்ளியின் பின்பக்கம் பயன்பாட்டில் இல்லாத பழைய கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடிப் பலகையில் விரிசல் கண்டிருந்தது. சரிசெய்யக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். அதுவரை யாரும் போகக் கூடாது என்று காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்தேன். தொட்டியைப் பற்றிச் சொன்னால் எட்டிப் பார்க்கவென்றே நாலு பேர் போவார்கள் என்று நினைத்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றும் நினைத்தேன். எனவே "போகக் கூடாது என்றால் போகக் கூடாது" என்று முடித்துவிட்டேன்.

காரணம் இல்லாத இடத்தைப் பிள்ளைகள் காலியாக விடுவதில்லை. சுவருக்கு அப்பால் வேப்பமர நிழலில் ஒரு முதியவர் பகலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு ஆடுகள் வைத்திருக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்வார். தடம் அவர்வரை போனது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர்தான் பீட்டர். கல் ஒன்று அவர் முழங்காலில் பட்டிருக்கிறது. அவர் பள்ளிக்கு வந்து புகார் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவே இல்லை.

அன்றிரவு என்னை உறுத்தியது ஒன்றுதான். பாட்டியின் தவறை வகுப்பில் மூன்று நாள் அலசியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதிக்கூடப் போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு

மறுநாள் தலைமையாசிரியரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் அனுமதியோடு எட்டாம் வகுப்பைப் பின்பக்கம் அழைத்துச் சென்று, பாதுகாப்பான தொலைவில் நிறுத்தி, விரிசல் விழுந்த மூடியைக் காட்டினேன். உள்ளே எவ்வளவு ஆழம், விழுந்தால் என்ன ஆகும், விஷவாயு என்றால் என்ன என்று விளக்கினேன். "இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு" என்றேன். யாரும் எட்டிப் பார்க்க ஓடவில்லை. அங்கே கயிறு கட்டலாம் என்று மாணவர்களே யோசனை சொன்னார்கள். அன்று மாலையே கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகையும் எழுதி மாட்டினார்கள். அதை எழுதியது அந்த மாணவன்தான். அவன் தாளில் எழுதியிருந்ததை வகுப்பில் நான் படிக்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. உண்மையை எழுதிய பிள்ளைக்கு அந்தத் தாளே தண்டனையாகிவிடக் கூடாது.

முதியவரைப் பார்க்க நானும் நான்கு மாணவர்களும் போனோம். மன்னிப்புக் கேட்டார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. "ஆட்டுமேல படாம இருந்துச்சே" என்று மட்டும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த வேப்பமரத்தடியில் உட்காருவதில்லை. வேறு பக்கம் போய்விட்டார். மாணவர்கள் அதைக் கவனித்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். என்னிடம் விடை இல்லை. நடந்துவிட்ட சில காரியங்களைக் கடிதம் எழுதித் திருப்ப முடியாது என்று மட்டும் சொன்னேன். ரெட்டின் கதையிலும் அப்படித்தானே என்றாள் ஒரு மாணவி.

நீங்களும் செய்து பார்க்க

தொடக்கநிலை வகுப்புகளில் ரெட்டின் கதை வேண்டாம். சீனப் புலிக் கதையோ பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு கதையோ போதும். பாதியில் நிறுத்தி, "இவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேளுங்கள். 'ஏனென்றால்' என்று தொடங்கி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லட்டும். எழுத வராத குழந்தை படம் வரையட்டும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஒரே கதையின் இரண்டு காலத்து வடிவங்களை ஒப்பிடச் சொல்லலாம். தமிழில் அதற்கு வளமான எடுத்துக்காட்டுகள் உண்டு. அகலிகை கதையைப் புதுமைப்பித்தன் 'அகல்யை', 'சாப விமோசனம்' என்று இருமுறை சிறுகதையாக்கியிருக்கிறார். ஒரே எழுத்தாளர் ஒரே கதையிடம் மீண்டும் ஏன் போனார் என்பதே நல்ல விவாதப் பொருள்.

மதிப்பிடும்போது முடிவு புதுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மாற்றியது ஒன்றுதானா, அதன் விளைவு கடைசிவரை தொடர்கிறதா, பழைய கதை விட்ட கேள்விக்கு விடை தேடியிருக்கிறாரா என்று பாருங்கள். இந்த மூன்றையும் எழுதத் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். எதற்காக மதிப்பெண் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டிய காரணம்தான்.

தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் எதுவானாலும் முழுவதையும் நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, வயதுக்கு ஏற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாய்மொழியாகச் சொல்வதே நல்லது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் வசதி அதில்தான் இருக்கிறது. கடிதம் எழுதச் சொன்னால், எதிர்பாராத உண்மை ஏதேனும் அதில் வரக்கூடும் என்பதற்கும் ஆயத்தமாக இருங்கள். வந்தால் முதலில் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்.

எங்கள் வகுப்பின் விதிமுறைப் பலகையை இந்த ஆண்டு புதிதாக எழுதினோம். இடப்பக்கம் விதி, வலப்பக்கம் 'ஏனென்றால்'. எழுதும்போது இரண்டு விதிகளுக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. அவற்றை நீக்கிவிட்டோம்.